காணா விண்மீனைக் கணித்த பெஸல்

இரவு வானில் தோன்றும் விண்மீன்களுள் ஒளியால் முதன்மை பெற்றது சிரியஸ். அரபு மக்கள் இதனை ‘ஷிஃரா’ என வழங்கினர். திருக்குர்ஆனின் 53ஆம் அத்தியாயமாகிய அந்நஜ்மில் இவ்விண்மீனின் பெயர் சுட்டப்பெறுவதை நம் மாணவர் பலரும் அறிவர். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த வானியல் அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி தம் விண்மீன் நூலில் இதன் இருப்பிடத்தையும் ஒளியையும் பதிவு செய்தார். பல்லாயிரம் ஆண்டுகளாக மாந்தர் கண்டு வந்த இவ்விண்மீனுக்குக் கண்ணுக்குப் புலனாகாத துணை ஒன்று உண்டு என்பதை, அத்துணையை எவரும் காணாத காலத்தில், எண்களைக் கொண்டே நிறுவியவர் ஃபிரீட்ரிக் வில்லெம் பெஸல் என்னும் ஜெர்மானியர்.

பிற விண்மீன்களைச் சுற்றிவரும் கோள்கள் இன்று ஆயிரக்கணக்கில் கண்டறியப்பட்டுள்ளன. உறுதி செய்யப்பட்டவற்றின் எண்ணிக்கை 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆறாயிரத்தை எட்டியது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றை எவரும் நேரிற் கண்டதில்லை. தாய் விண்மீனின் அசைவிலும் ஒளியிலும் தோன்றும் நுண்ணிய மாற்றங்களைக் கொண்டே அவை அறியப்படுகின்றன. அசைவைக் கண்டு அசைப்பதை உணரும் இவ்வழியில் முதலில் நடந்தவர் பெஸல். அவருடைய வாழ்க்கை பள்ளியிலிருந்து பாதியில் நின்ற ஒரு சிறுவனின் வாழ்க்கையாகத் தொடங்குகிறது.

வணிகக் கூடத்தில்

பெஸல் 1784ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள் பிரஷ்ய நாட்டின் மிண்டன் நகரிற் பிறந்தார். தந்தையார் சிற்றூதியம் பெற்ற அரசு அலுவலர். வீட்டிலோ ஒன்பது பிள்ளைகள். பள்ளியில் இலத்தீன் மொழி பெஸலுக்கு வேப்பங்காயாய்க் கசந்தது. அந்நாளில் இலத்தீன் அறியாதவருக்கு உயர்கல்வியின் வாயில் திறவாது. ஆதலின் பதினான்காம் வயதில் அவர் பள்ளியை விட்டு நீங்கினார். 1799ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரெமன் துறைமுக நகரிலிருந்த குலென்காம்ப் வணிக நிறுவனத்தில், ஏழாண்டுகள் ஊதியமின்றிப் பணி பயிலும் ஒப்பந்தத்தில் சேர்ந்தார்.

அந்நிறுவனத்தின் சரக்குகள் கடல் கடந்து சென்றன. கப்பலுடன் சென்று சரக்கை விற்றுவரும் அலுவலராகத் தாமும் ஆகவேண்டும் என்பது இளைஞரின் கனவு. அதற்கெனப் புவியியல் கற்றார். ஆங்கிலமும் ஸ்பானிய மொழியும் கற்றார். கப்பல் செலுத்தும் கலையைக் கற்கத் தொடங்கினார். நடுக்கடலில் கப்பல் இருக்குமிடத்தை அறிய விண்மீன்களின் நிலை தெரிய வேண்டும். விண்மீன்களின் நிலை தெரியக் கணிதம் வேண்டும். இவ்வாறு வணிகம் அவரைக் கடலுக்கும், கடல் வானுக்கும், வான் கணிதத்துக்கும் இட்டுச் சென்றது. பகலெல்லாம் கணக்கேடுகள், இரவில் உறக்கம் துறந்து நூல்கள். கூடம் நடத்திய வணிகருக்கு இதனால் நட்டம் ஏதுமில்லை. கணக்கர் கணக்கில் வல்லவரானால் முதலாளிக்கு நன்மையேயன்றோ!

1607ஆம் ஆண்டு தோன்றிய ஹாலி வால்மீனை ஆங்கிலேயர் தாமஸ் ஹாரியட் நோக்கி எழுதிய பழைய குறிப்புகள் பெஸலுக்குக் கிடைத்தன. அவற்றைக் கொண்டு அவ்வால்மீனின் பாதையைப் புதிதாகக் கணித்தார். பிரெமன் நகரில் மருத்துவராக வாழ்ந்த ஓல்பர்ஸ், ஐரோப்பா அறிந்த வானியலாளர். 1804ஆம் ஆண்டு கோடையில் ஒருநாள் தெருவில் அவரை அணுகிய இருபது வயதுக் கணக்கர், தம் கட்டுரையைப் பார்த்தருளுமாறு வேண்டினார். படித்த ஓல்பர்ஸ் வியந்தார்; அதனை அச்சேற்ற ஆவன செய்தார். பின்னாளில் ஓல்பர்ஸ் தாம் வானியலுக்குச் செய்த தொண்டுகளுள் தலையாயது பெஸலைக் கண்டெடுத்ததே என்று கருதினார். ஆசிரியப் பணியில் உள்ளோர் இதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். தெருவில் வழிமறித்த இளைஞனின் தாளை வாங்கிப் பார்க்கப் பொறுமையில்லாத ஒருவராக அவர் இருந்திருப்பின், அன்றே அக்கட்டுரை கணக்கேடுகளுக்கிடையே மறைந்திருக்கும்.

1806ஆம் ஆண்டு, நல்ல ஊதியம் தரவிருந்த வணிகப் பணியைத் துறந்து, மிகக் குறைந்த ஊதியத்திற்கு லிலியென்தால் என்னும் ஊரில் ஷ்ரோட்டர் என்பார் நடத்திய வான்காணகத்தில் உதவியாளரானார். நான்காண்டுகளில் பிரஷ்ய மன்னர் அவரை நாட்டின் கிழக்கெல்லையிலிருந்த கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்திற்குப் பேராசிரியராகவும், அங்குப் புதிதாக எழவிருந்த வான்காணகத்திற்குத் தலைவராகவும் அழைத்தார். பட்டம் பெறாதவர் பேராசிரியராதல் எங்ஙனம் என்ற வினா எழுந்தது. கணிதப் பேரறிஞர் காஸ் பரிந்துரைக்க, கோட்டிங்கன் பல்கலைக்கழகம் தேர்வேதுமின்றி அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. நெப்போலியனின் போர்கள் ஐரோப்பாவைச் சுட்டெரித்த நாளில், 1813ஆம் ஆண்டின் இறுதியில், கோனிக்ஸ்பெர்க் வான்காணகம் பணி தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு யோகன்னா ஹாகன் என்னும் மங்கையை மணந்திருந்தார். அதன்பின் இறக்கும் வரை அவர் அந்நகரை விட்டு வேறெங்கும் பணிக்குச் செல்லவில்லை.

பிழைகளின் கணக்கு

பெஸலின் பெருமை யாது? புதிய கோளொன்றை அவர் கண்டதில்லை. மிகப் பெரிய தொலைநோக்கி ஒன்றை அமைத்ததில்லை. அளவை ஒவ்வொன்றிலும் எத்துணைப் பிழை கலந்துள்ளது என்று கேட்டவர் அவர். அப்பிழையை மறைக்காமலும் அதற்கு அஞ்சாமலும் கணக்கிட்டுக் கழித்தவர் அவர். கருவி செய்த தச்சன் எத்துணைத் திறவோனாயினும் கருவியிற் கோட்டம் உண்டு. காற்று ஒளியை வளைக்கிறது. வெப்பத்தால் உலோகம் விரிகிறது. புவியின் அச்சே தள்ளாடுகிறது. இவை யாவும் கழிந்த பின்னர் எஞ்சுவதே விண்மீனின் உண்மை நிலை என்பது அவர் கொள்கை.

இங்கிலாந்தின் கிரீனிச் வான்காணகத்தில் ஜேம்ஸ் பிராட்லி 1750 முதல் 1762 வரை ஆயிரக்கணக்கான விண்மீன்களை நோக்கி எழுதிய குறிப்புகள் பயன்படுத்துவாரின்றிக் கிடந்தன. ஓல்பர்ஸின் தூண்டுதலால் பெஸல் அவற்றைக் கையிலெடுத்தார். தமிழ் பயில்வோருக்கு இப்பணியை விளக்குதல் எளிது. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கும் புலவர், ஏடெழுதினோர் செய்த பிழை எது, செல்லரித்த இடம் எது, ஆசிரியன் பாடம் எது என ஆய்ந்து மூலத்தை மீட்கிறார் அல்லவா? பெஸல் வானத்தின் பழஞ்சுவடியை அவ்வாறு பதிப்பித்தார். பிராட்லியின் கருவியில் இருந்த கோட்டங்களைப் பிராட்லியின் குறிப்புகளிலிருந்தே கண்டறிந்து நீக்கி, 3222 விண்மீன்களின் நிலைகளை 1818ஆம் ஆண்டு இலத்தீன் மொழியில் நூலாக வெளியிட்டார். இளமையில் இலத்தீனுக்கு அஞ்சி ஓடியவர் இலத்தீனிலேயே தம் பெருநூலை எழுதினார் என்பது சுவையான முரண். 1755ஆம் ஆண்டில் ஒரு விண்மீன் எங்கிருந்தது என்பதை ஐயமின்றி அறிய அந்நூல் வழி செய்தது. அதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

கருவியின் பிழையை ஆய்ந்தவர் காண்பவனின் பிழையையும் ஆய்ந்தார். கிரீனிச்சில் 1796ஆம் ஆண்டு கின்னபுரூக் என்னும் உதவியாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். விண்மீன் தொலைநோக்கியின் நூலிழையைக் கடக்கும் நொடியை, கடிகாரத்தின் ஒலியைக் காதால் எண்ணிக்கொண்டே கண்ணால் நோக்கிக் குறிப்பது அக்கால வழக்கம். தலைவர் மாஸ்கலைன் குறித்த நேரத்திற்கும் உதவியாளர் குறித்த நேரத்திற்கும் ஒரு நொடியில் பத்தில் எட்டுப் பங்கு வேறுபாடு இருந்தது. உதவியாளரின் கவனக்குறைவே காரணம் என முடிவாயிற்று. ஆண்டுகள் பல கழிந்து இச்செய்தியைப் படித்த பெஸலின் உள்ளத்தில் வேறொரு வினா எழுந்தது. தவறு உதவியாளருடையது என்று எவ்வாறு கூறலாம்? தலைவர் குறித்ததே சரி என்பதற்குச் சான்று யாது?

அவர் தம்மையும் தம் காலத்து வானியலார் சிலரையும் அருகருகே அமர்த்தி ஒரே விண்மீன்களை நோக்கச் செய்தார். தேர்ந்த கண்ணுடைய இருவருக்கிடையேயும் ஒரு நொடிக்கு மேற்பட்ட வேறுபாடு மாறாமல் நிலவியது. கண்டதையும் கேட்டதையும் ஒன்றாக உணர ஒவ்வொருவர்க்கும் இயல்பாகவே வெவ்வேறு கால அளவு ஆகிறது. அது குற்றமன்று, உடலியல்பு என்பது புலனாயிற்று. அவ்வளவைக் கண்டுபிடித்துக் கழித்துவிட்டால் இருவர் குறிப்பும் ஒன்றுபடும். உளவியலார் இன்று ஆராயும் எதிர்வினை நேரம் என்னும் துறைக்கு இது ஒரு தோற்றுவாய் ஆயிற்று. கின்னபுரூக்கின் மீது சுமத்தப்பட்ட பழி இவ்வாறு நீங்கியபோது அவர் உயிரோடு இல்லை.

அன்னத்து விண்மீன்

விண்மீன்கள் எத்துணைத் தொலைவில் உள்ளன என்பது அறிஞர் பலரைத் தோற்கடித்த வினா. புவி சூரியனைச் சுற்றுவது உண்மையாயின், ஆறு திங்கள் இடைவெளியில் நோக்கும்போது அண்மை விண்மீன் சற்று இடம் பெயர்ந்து தோன்ற வேண்டும். அப்பெயர்ச்சி எவர் கருவிக்கும் சிக்கவில்லை.

ஒளிமிக்க விண்மீன்களே நமக்கு அண்மையில் உள்ளவை என்பது பலர் எண்ணம். பெஸல் அதனை நம்பவில்லை. விரைந்து நகரும் விண்மீனே அண்மையிலிருத்தல் கூடும் எனக் கருதினார். அருகில் பறக்கும் குருவி, தொலைவில் பறக்கும் பருந்தைவிட விரைவதுபோல் தோன்றுமன்றோ! அன்னம் என்னும் விண்மீன் குழுவில் 61 என எண்ணிடப்பட்ட மங்கலான விண்மீன் அவ்வாறு விரைவதை இத்தாலியர் பியாட்சி முன்னரே கண்டிருந்தார். பெஸல் அதனைத் தெரிந்தெடுத்தார்.

கருவி வல்லுநர் ஃபிரான்ஹோஃபர் கட்டத் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் முற்றுப்பெற்ற ஹீலியோமீட்டர் என்னும் கருவி 1829ஆம் ஆண்டு கோனிக்ஸ்பெர்க்கை அடைந்தது. அதன் முகப்பு வில்லை நடுவே இரண்டாக அறுக்கப்பட்டிருந்தது. இரு பாதிகளையும் நகர்த்தி இரு விண்மீன்களின் உருவங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால், நகர்த்திய அளவே அவற்றின் இடைவெளியைக் காட்டும். 1837 ஆகஸ்டு முதல் ஓராண்டுக்கு மேல் பெஸல் அவ்விண்மீனை அளந்தார். பாகையை 60 கலைகளாகவும், கலையை 60 விகலைகளாகவும் பகுப்பது வழக்கம். அவர் கண்ட இடப்பெயர்ச்சி ஒரு விகலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள நாணயத்தைப் பதினாறு கிலோமீட்டருக்கு அப்பால் வைத்து நோக்கினால் அது எத்துணைச் சிறியதோ, அத்துணைச் சிறிய கோணம் அது. 1838ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார். அவர் கணக்குப்படி அவ்விண்மீனின் தொலைவு பத்து ஒளியாண்டுகளுக்குச் சற்று மிகுதி. இன்றைய அளவு 11.4 ஒளியாண்டு. அதே காலத்தில் ஸ்ட்ரூவ வேகா விண்மீனையும், ஹென்டர்சன் தென்வானத்து ஆல்பா சென்டாரியையும் அளந்து கொண்டிருந்தனர். எனினும் ஐயத்திற்கிடமின்றி நிறுவிய முதல்வர் என்னும் சிறப்பு பெஸலைச் சேர்ந்தது. 1841ஆம் ஆண்டு இலண்டன் அரச வானியல் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது.

கிழக்குப் பிரஷ்யாவை அளந்து புவியின் வடிவத்தை வரையறுத்தது, கணிதத்தில் இன்றும் அவர் பெயரால் வழங்கும் சார்புகளை ஆராய்ந்தது, எழுபத்தையாயிரம் விண்மீன்களின் நிலைகளை நோக்கிப் பதிந்தது ஆகிய பணிகள் தனித்தனிக் கட்டுரைகளுக்கு உரியவை.

காணாத் துணை

1755ஆம் ஆண்டின் விண்மீன் நிலைகளைப் பெஸல் மீட்டுத் தந்ததை மேலே கண்டோம். அதன் பின்னர் வந்த வானியலார் பலர் அளந்த நிலைகளும் அவர் கையிலிருந்தன. ஒரு விண்மீன் வெளியில் நேராகச் செல்லுமாயின், அதன் பாதையும் நேர்கோடாகவே அமைய வேண்டும். சிரியஸ் அவ்வாறு செல்லவில்லை. ஒரு காலத்தில் முந்தியும் ஒரு காலத்தில் பிந்தியும், அலைபோல் நெளிந்து சென்றது. சிறுநாய்க் குழுவின் ஒளிமிக்க விண்மீனாகிய புரோசியனும் அவ்வாறே தள்ளாடியது.

சிரியஸின் விலகலை அக்காலக் கடிகார முறையிற் கூறினால் ஒரு நொடியின் சிறு பின்னமே. ஆளுக்கு ஆள் ஒரு நொடி வேறுபடும் குறிப்புகளிலிருந்து அதனைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. காண்பவனின் இயல்பையும் கருவியின் கோட்டத்தையும் முப்பதாண்டுகளாக எடைபோட்டுப் பழகிய கைக்கே அது இயல்வதாயிற்று. 1844ஆம் ஆண்டு பெஸல் தம் முடிவை அறிவித்தார். சிரியஸையும் புரோசியனையும் கண்ணுக்குத் தெரியாத துணைகள் இழுக்கின்றன. சிரியஸும் அதன் துணையும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. ஒளிர்வது விண்பொருளின் இன்றியமையா இயல்பு அன்று. ஒளிராதவையும் வானில் இருத்தல் கூடும் என்பது அவர் கருத்து. ஒளியைக் கொண்டே வானை அறிந்த காலத்தில் இது துணிவான கூற்று. அறிஞர் சிலர் ஏற்கத் தயங்கினர்.

இதே சிந்தனையை அவர் சூரியக் குடும்பத்திலும் செலுத்தியிருந்தார். யுரேனஸ் கோள் கணித்த பாதையினின்று விலகுவதற்கு, அதற்கப்பால் உள்ள காணாக் கோளொன்றே காரணமாகலாம் எனக் கருதி, பிளெமிங் என்னும் மாணவரிடம் அக்கணக்கை ஒப்படைத்தார். அம்மாணவர் 1840ஆம் ஆண்டு இறந்தார். அதே ஆண்டில் பெஸலின் மகன் வில்லெமும் இளமையிலேயே மறைந்தார். ஓராண்டில் நேர்ந்த இவ்விரு இழப்புகளுக்குப் பின் அவர் உடல்நிலையும் தளர்ந்தது. 1842இல் இங்கிலாந்து சென்றபோது ஜான் ஹெர்ஷலுடன் அக்கோளைப் பற்றி உரையாடினார். கணக்கை முடிக்க நோய் இடந்தரவில்லை. 1846 மார்ச் 17ஆம் நாள், தம் 61ஆம் வயதில் காலமானார். வான்காணகத்தின் அருகிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. ஆறு திங்கள் கழித்து, அவ்வாண்டு செப்டம்பரில், பிரான்சின் லெவெரியே கணித்த இடத்திற்கு அருகில் நெப்டியூன் கண்டறியப்பட்டது. தாம் எண்ணியபடியே அக்கோள் இருந்ததை அறிய பெஸலுக்கு வாழ்நாள் போதவில்லை.

சிரியஸின் துணையையும் அவர் காணவில்லை. 1862 ஜனவரி 31ஆம் நாள் அமெரிக்காவில் ஆல்வன் கிரஹாம் கிளார்க் என்னும் இளைஞர், தம் குடும்பத்தார் வடித்த புதிய பதினெட்டரை அங்குல வில்லையைச் சோதிக்கச் சிரியஸை நோக்கினார். பேரொளியின் அருகில் ஒரு சிறு புள்ளி தெரிந்தது. பெஸலின் காணாத் துணை அதுவே. புரோசியனின் துணை 1896இல் காணப்பட்டது. 1915இல் ஆடம்ஸ் சிரியஸ் துணையின் நிறமாலையை ஆராய்ந்தபோது புதிய வியப்பு தோன்றியது. சூரியனை ஒத்த பொருண்மை புவியை ஒத்த உருவிற்குள் அடங்கியிருக்கிறது! வெண்குறு விண்மீன் எனப்படும் இவ்வகைப் பொருள்களின் பொருண்மைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர் கணித்தார். 1983ஆம் ஆண்டு நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

பெஸலுக்குப் பின்

எஞ்சும் அசைவு எல்லாம் உண்மையாகுமா? சென்னை நுங்கம்பாக்கத்து வான்காணகத்தின் தலைவராயிருந்த கேப்டன் ஜேக்கப், 1855ஆம் ஆண்டு இவ்வினாவில் இடறினார். பாம்பேந்திக் குழுவின் 70 எண்ணிட்ட இரட்டை விண்மீன், ஏறத்தாழ 16.6 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது, வெறுங்கண்ணுக்குத் தெரிவது. அதன் ஓட்டத்தில் காணும் முரண்பாட்டுக்குக் கோளொன்றே காரணமாகலாம் என அவர் இலண்டனுக்கு எழுதினார். பிற விண்மீனொன்றுக்குக் கோள் உண்டு என அளவைகளைக் கொண்டு வாதிட்ட மிகப் பழைய முயற்சிகளுள் ஒன்று நம் சென்னையிலிருந்து எழுந்தது. ஆயின் அக்கோள் நிலைபெறவில்லை. 1890களில் அதே விண்மீனுக்கு இருண்ட துணை உண்டு என்ற சீ என்பாரின் கூற்றை, அத்தகைய அமைப்பு நிலைத்திராது எனக் காட்டி மோல்டன் மறுத்தார். 1943இல் மீண்டும் எழுந்த கூற்றும் வீழ்ந்தது. பெஸல் அளந்த அன்னத்து 61க்கே பெருந்துணை உண்டு என்று 1940களில் ஸ்ட்ராண்ட் அறிவித்ததும் பொய்த்தது. பர்னார்டு விண்மீனுக்குக் கோள் உண்டு என 1963இல் வான் டி காம்ப் அறிவித்தார். தொலைநோக்கியின் வில்லைச் சட்டத்தை மாற்றியதனால் நேர்ந்த பெயர்ச்சியே விண்மீனின் அசைவாகத் தோன்றியது எனப் பின்னர்த் தெரிந்தது. 2024, 2025 ஆண்டுகளில் பர்னார்டு விண்மீனுக்கு நான்கு சிறு கோள்கள் கண்டறியப்பட்டன; அவை வான் டி காம்ப் கூறியவை அல்ல. ஜேக்கப்பையோ மற்றவரையோ எள்ளி நகையாடுதல் முறையன்று. அவர்கள் கழிக்கத் தவறியது ஒரு சிறு பிழையே. பெஸல் கழித்ததும் அத்தகைய சிறு பிழைகளையே.

வெறுங்கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் 51 பெகாசி விண்மீன் 50 ஒளியாண்டு அளவில் உள்ளது. அது நம்மை நோக்கி வருவதையும் விலகுவதையும் நிறமாலைக் கோடுகளின் பெயர்ச்சியால் அளந்து, 4.2 நாளில் அதனைச் சுற்றிவரும் கோளை மேயரும் கெலோசும் 1995இல் அறிவித்தனர். சூரியனை ஒத்த விண்மீனைச் சுற்றுவதாக உறுதிப்பட்ட முதற்கோள் அது. 2019இல் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் வானில் விண்மீன் பக்கவாட்டில் ஆடுவதை நேரடியாக அளந்து கோளை அறியும் பெஸலின் வழி, மேலும் பல ஆண்டுகள் காத்திருந்தது. ஐரோப்பியர் 2013 டிசம்பரில் ஏவிய கயா விண்கலம் 2025 ஜனவரி வரை நூறு கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களின் நிலைகளை அளந்தது. அக்கலத்தில் இரு தொலைநோக்கிகள் இருந்தன. வெயிலின் வெம்மையால் அவற்றின் இடைக்கோணம் மிக நுண்ணிய அளவில் ஆடியது. அந்த ஆட்டத்தை இடையறாது அளப்பதற்கென்றே தனிக் கருவியொன்று கலத்தினுள் பொருத்தப்பட்டிருந்தது. அவ்வளவையும் கழித்த பின்னர் எஞ்சிய அசைவு காட்டிய பெருங்கோளொன்று, தரையிலிருந்த தொலைநோக்கிகளின் நிறமாலை அளவைகளாலும் உறுதி செய்யப்பட்டு, 2025ஆம் ஆண்டு கயா-4பி என்னும் பெயருடன் அறிவிக்கப்பட்டது.